சம்மணம் போட முடியுமா, டாக்டர்?

"போலியோவா?" என்று கேட்பார்கள். பேருந்தில் பக்கத்து சீட்டில் உட்காருபவர், ரேஷன் கடை வரிசையில் நிற்பவர், கல்யாண வீட்டில் இலை போடுபவர், யாராயிருந்தாலும் முதல் கேள்வி இதுதான். இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ கிருமி கடைசியாகத் தாக்கியது மேற்கு வங்கத்துக் குழந்தை ஒன்றை, 2011 ஜனவரியில். 2014 மார்ச்சில் போலியோ ஒழிந்ததென்று சான்றிதழே வாங்கிவிட்டோம். ஆனாலும் நம் பக்கத்தில் காலை இழுத்து நடந்தால் அதற்கு ஒரே பெயர்தான். பேச்சை முடிக்க நானும் சில நேரம் "ஆமா" என்று சொல்லிவிடுவதுண்டு.

என் கால் போலியோக் கால் இல்லை. தசை இருக்கிறது, பலம் இருக்கிறது. இல்லாதது வலது தொடை எலும்பின் தலை. இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் உருண்டையாகப் பொருந்தி உட்கார வேண்டிய பகுதி அது. அதுவும் அதற்குக் கீழே உள்ள கழுத்தும் நான் பிறந்த முதல் மாதத்திலேயே சீழில் அழிந்துவிட்டன. மூட்டுக்குள் கிருமி புகுந்து சீழ் பிடிக்கும் இந்த நோய்க்கு செப்டிக் ஆர்த்ரைட்டிஸ் என்று பெயர். பதினேழு வயதில் என் தொடை எலும்பை இரண்டு இடத்தில் வெட்டி, மூட்டு இல்லாமலேயே நிற்கும்படி செய்தார்கள். யாராவது கேட்டால் சொல்லலாம் என்றிருந்தேன். போலியோவைத் தாண்டி யாரும் கேட்பதில்லை. ஆகவே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் ராமநாதபுரம் மாவட்டத்தில் வேதாளைக்குப் பக்கத்தில், தென்கடல் ஓரம். அப்பா மண்டபத்தில் விசைப்படகு டிரைவர். அம்மா கடலில் பாசி எடுக்கப் போவாள். மரிக்கொழுந்துப் பாசிக்கும் கட்டக்கோரைக்கும் விலை வித்தியாசம் என்ன என்பது எழுத்துப் படிக்கும் முன்பே எனக்குத் தெரியும். நான் பிறந்தபோது எங்கள் பக்கம் மீட்டர் கேஜ் ரயில்தான் ஓடியது. மதுரைக்குப் போய் வருவது ஒருநாள் காரியம்.

முதலில் கண்டுபிடித்தது அம்மாச்சி. பச்சைப் பிள்ளைகளைக் குளிப்பாட்டும் கிழவிகள் ஊருக்கு ஊர் உண்டு, எங்கள் தெருவுக்கு அவள். காலை நீட்டி உட்கார்ந்து, கணுக்கால் மேல் பிள்ளையைக் குப்புறப் போட்டு, வெந்நீர் ஊற்றி, கை கால்களை நீவி விடுவாள். ஒருநாள் ஊற்றிக்கொண்டே அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்: "வெந்நீ பட்டா ரெண்டு காலையும் உதைக்கணும்டி. இவ ஒத்தக் காலத்தான் உதைக்கிறா. இந்தக் காலத் தொட்டா வீல்னு கத்துறா."

இன்றைக்கு ஒரு குழந்தைகள் எலும்பு நிபுணரிடம் இந்த மூன்று வாக்கியத்தையும் சொல்லிப் பாருங்கள். அடுத்த பேச்சு பேசாமல் ஸ்கேனுக்கு அனுப்புவார். பிறந்து சில வாரமே ஆன குழந்தைக்கு மூட்டில் சீழ் பிடித்தால் காய்ச்சல் வராமலே போகலாம். ரத்தப் பரிசோதனையும் பெரிதாக எதையும் காட்டாமல் இருக்கலாம். ஒரு காலை மட்டும் அசைக்காமல் வைத்திருப்பதும், துணி மாற்றும்போது அலறுவதும்தான் அடையாளம். காலைச் சற்று மடக்கி, வெளிப்பக்கம் விரித்து வைத்திருக்கும். சீழ் சேர்ந்த மூட்டுக்கு அந்த நிலையில்தான் கொஞ்சம் இடம் கிடைக்கிறது. அம்மாச்சி பார்த்தது அத்தனையும் சரி.

பார்த்ததற்கு அவளிடம் இருந்த விளக்கம் வேறு. "உரம் விழுந்திருக்கு" என்றாள். உரம் விழுவது நம் பக்கத்துப் பாட்டிகளுக்கெல்லாம் தெரிந்த நோய். தூக்கத் தெரியாமல் தூக்கினால் பிள்ளைக்குப் பிடிப்பு விழும், சேலையில் போட்டு உருட்டினால் சரியாகும் என்பார்கள். எனக்கும் சேலையைப் பிடித்து உருட்டினார்கள். உருட்டியதும் அழுகை நின்றதாம். நான் களைத்துப்போய்த் தூங்கியிருப்பேன்.

இதைக் கேட்டதும் படித்தவர்கள் அம்மாச்சியைத் திட்டத் தொடங்குவார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. அடுத்த சில நாளில் தொடை வீங்கி, இடுப்புப் பக்கம் சிவந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது அவள்தான். அங்கே வெள்ளைக் கோட்டு போட்டிருந்தவர் பார்த்துவிட்டு, "கட்டி" என்றார். மேலாகக் கீறிச் சீழை எடுத்தார், ஊசி போட்டார், வீட்டுக்கு அனுப்பினார். சீழ் எங்கிருந்து வருகிறது என்று அவர் தேடவில்லை. மூட்டைத் திறந்து கழுவவில்லை. கிழவிக்குத் தெரியாமல் போனதற்கு நியாயம் உண்டு. அந்த இடத்தின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, ஆனால் என் பட்டியலில் அம்மாச்சிக்கு மேலேதான் அவர் இருக்கிறார்.

உள்ளே நடந்தது என்ன என்பதை நான் பெரியவளான பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். பிறந்த குழந்தையின் தொடை எலும்புத் தலை முழுக்கக் குருத்தெலும்பு. அதற்குள் எலும்புப் புள்ளி தோன்றுவதே நான்கு முதல் ஆறு மாதத்தில்தான். ஆகவே அந்த வயதில் எக்ஸ்ரே எடுத்தால் தலை இருக்கிறதா, அழிகிறதா என்றே தெரியாது. பெரிய பிள்ளைகளுக்கு எலும்பின் உடலுக்கும் தலைக்கும் நடுவில் உள்ள வளர்தட்டு ஒரு தடுப்பாக நின்று கிருமியைத் தடுக்கும். ஒன்று ஒன்றரை வயது வரை ரத்தக் குழாய்கள் அந்தத் தட்டைக் கடந்து போவதால் எலும்பில் தங்கிய கிருமி நேராகத் தலைக்குள் போய்விடும். தொப்புளிலோ தோலிலோ ஊசி போட்ட இடத்திலோ தொடங்கும் தொற்று ரத்தம் வழியாக எலும்புக்கு வந்து சேர்கிறது. பெரும்பாலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி. மூட்டுக்குள் வந்துவிட்டால் வேலை மணிக்கணக்கில் நடக்கிறது. கிருமியும், அதை எதிர்க்க வரும் வெள்ளணுக்களும் விடும் நொதிகள் குருத்தெலும்பைத் தின்கின்றன. சீழின் அழுத்தம் தலைக்கு வரும் மெல்லிய ரத்தக் குழாய்களை நெரிக்கிறது. நான்கைந்து நாள் தாமதமானாலே மூட்டு தப்புவது கடினம். ஊசி வைத்துச் சீழை உறுதி செய்து, அன்றைக்கே மூட்டைத் திறந்து கழுவுவதுதான் சிகிச்சை. 1874இலேயே லண்டனில் தாமஸ் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர் கைக்குழந்தைகளின் இந்த நோயைத் தனியாக எடுத்து எழுதிவிட்டார். ஆண்டிபயாடிக் இல்லாத காலம். அவர் பார்த்த குழந்தைகளில் பாதிக்கு மேல் செத்துப்போயின. நான் பிழைத்ததே பெரிது என்று ஒரு டாக்டர் என்னிடம் சொன்னார். சரி, உண்மைதான். ஆனால் அவர் அதைச் சொன்ன விதத்தில், அதற்கு மேல் எதுவும் கேட்காதே என்ற தொனியும் இருந்தது.

நடக்க ஆரம்பித்தது தாமதமாக. நடந்தபோது ஒவ்வோர் அடிக்கும் உடம்பு வலப்பக்கம் சாய்ந்து எழும். பள்ளியில் எனக்கு வைத்த பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, எல்லா ஊரிலும் அதே பெயர்தான்.

இந்தச் சாய்வுக்குக் காரணம் இருக்கிறது. ஒற்றைக் காலில் நிற்கும்போது இடுப்பின் வெளிப்பக்கத் தசை இழுத்துப் பிடிப்பதால்தான் மறுபக்க இடுப்பு கீழே தொங்காமல் இருக்கிறது. அந்தத் தசை இழுப்பதற்கு எலும்புத் தலை கிண்ணத்தில் ஊன்றி நிற்க வேண்டும். ஊன்ற இடம் இல்லாவிட்டால் இழுப்பு வீண். இடுப்பு மறுபக்கம் சரிகிறது. விழாமல் இருக்க உடம்பு இந்தப் பக்கம் சாய்கிறது. ஃப்ரீட்ரிக் ட்ரெண்டலன்பர்க் என்ற ஜெர்மானியர் 1895இல் இதை விளக்கினார். இன்றும் இடுப்பு டாக்டர் எவரிடம் போனாலும் முதலில் "ஒத்தக் கால்ல நில்லும்மா" என்பார். அத்துடன் கால் குட்டையாகிக்கொண்டே வரும். தொடை எலும்பின் நீளத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் மேல்பக்க வளர்தட்டிலிருந்து வருவது. எனக்கு அது இல்லை. கீழே முழங்கால் பக்கத் தட்டுதான் தனியாக வளர்த்தது. தலை இல்லாத எலும்பு மேலே வேறு ஏறிக்கொண்டது. ஊரில் வயதுக்கு வருவதற்குள் குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் நடக்கப் பழகியிருந்தேன்.

மதுரைக்கு முதலில் கூட்டிப்போனது ஐந்து வயது வாக்கில். எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டி, "தலையே இல்லையே" என்றார் டாக்டர். இந்தச் சேதாரத்தை அவர்கள் தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். 1982இல் ஹுங்கா என்பவர் ஐந்து வகையாகப் பிரித்தார். தலை கொஞ்சம் கோணியிருந்தால் முதல் வகை. தலையும் கழுத்தும் அடியோடு போயிருந்தால் ஐந்தாவது. என்னுடையது ஐந்தாவது. கடைசி வகுப்பில் போய் உட்கார்ந்ததில் ஒரு வசதி, இதற்கு மேல் கெடுவதற்கு எதுவும் இல்லை.

அந்த வயதில் அவர் சொன்ன வழி வேறு. தொடை எலும்பின் மேல்பக்கம் வெளியே துருத்திக்கொண்டு ட்ரொகான்டர் என்று ஒரு முனை இருக்கிறது. குழந்தைகளுக்கு அதன் மேல் குருத்தெலும்பு மூடியிருக்கும். தலை போன கிண்ணத்துக்குள் அந்த முனையைத் தள்ளி வைத்து, அதில் ஒட்டியிருக்கும் தசையைக் கழற்றிக் கீழே இறக்கித் தைத்து, எலும்பின் கோணத்தையும் மாற்றிவிட்டால், வளர வளர அது உருண்டு தலையின் வேலையைச் செய்யும். 1935இல் பால் கொலோனா என்ற அமெரிக்கர் கழுத்து முறிந்து சேராமல் போன பெரியவர்களுக்கு இப்படிச் செய்தார். பின்னால் வந்தவர்கள் அதைச் சீழில் தலை இழந்த குழந்தைகளுக்குக் கொண்டுவந்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த டாக்டர் நேர்மையானவர். முதல் சில வருடம் நன்றாக இருக்கும், வளர வளர இறுகலாம், நழுவலாம், வலி வரலாம், இன்னொரு ஆபரேஷன் தேவைப்படலாம் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். "சரி, பாப்போம் சார்" என்று எழுந்துவிட்டார்.

அப்பா செய்தது சரியா என்று என்னால் இன்றும் சொல்ல முடியாது. பின்னாளில் வார்டில் தொண்டிப் பக்கத்துப் பையன் ஒருவன் இருந்தான். நான்கு வயதில் இதே ஆபரேஷன் செய்துகொண்டவன். பத்து வருடம் ஓடியாடினேன் என்றான். இப்போது இடுப்பு மடங்கவில்லை, வலி என்று வந்திருந்தான். அந்தப் பத்து வருடம் என்னிடம் இல்லை. அவனிடம் இல்லாதது என்னிடம் இருந்தது, என் இடுப்பு எந்தப் பக்கமும் மடங்கியது. எது மேல் என்பதில் டாக்டர்களே ஒத்துப்போவதில்லை.

இடையில் ஒருவர் வேறு யோசனை சொன்னார். தொடை எலும்பை இடுப்பெலும்போடு அசையாமல் ஒட்ட வைத்துவிடலாம். வலி போகும், சாய்வும் பெருமளவு போகும். மடக்க மட்டும் முடியாது. அம்மா அதுவரை எந்த டாக்டர் அறையிலும் வாய் திறந்ததில்லை. அன்றைக்குக் கேட்டாள்: "அப்ப இவ எப்படி உக்காருவா?"

"நாற்காலியில் உட்காரலாம், கொஞ்சம் சாய்ந்து."

"எங்க வீட்டுல நாற்காலி கெடையாது சார்."

அவர் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் சாப்பிடுவது தரையில், தூங்குவது பாயில். மீன் ஆய்வது குத்துக்காலிட்டு. கருவாடு காயப்போடுவது குனிந்து. பாசி பிரிப்பது மணலில் காலை மடக்கி. கக்கூஸும் அப்படித்தான், பாதி நாள் அது கரையோரம்தான். வத்தையில், அதாவது சின்ன நாட்டுப்படகில், ஏறினால் பலகை மேல் ஒடுங்கி உட்கார வேண்டும். அந்த ஆபரேஷனைக் கண்டுபிடித்தவர்கள் குளிர்நாட்டில் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். இடுப்பைச் சீரமைப்பது என்றால் இழந்ததைத் திரும்பத் தருவது என்று நினைத்துக்கொண்டு போகிறோம். உண்மையில் இருப்பதில் எதைக் கொடுத்து எதை வாங்குவது என்ற பேரம் அது. பேரத்தில் உட்காருமுன் நாம் எப்படி வாழ்கிறோம் என்று டாக்டர் கேட்டாக வேண்டும். அவராகக் கேட்காவிட்டால் நாம் சொல்லியாக வேண்டும்.

கேட்டவர் பிறகு கிடைத்தார். மதுரையில், அரசு மருத்துவமனையில் இலிசரோவ் சிகிச்சை செய்பவர். காலைச் சுற்றி வளையம் மாட்டி, எலும்பைக் கம்பிகளால் அதோடு பிணைத்து, மெதுவாக நேராக்கி நீட்டும் முறை அது. "உனக்கு எது முக்கியம், நடையா, உட்காருவதா?" என்றார். "ரெண்டும்" என்றேன். "சம்மணம் போட முடியுமா, டாக்டர்?" என்றும் கேட்டேன். இப்போதே போட்டுக் காட்டு என்றார். அவர் அறைத் தரையில் உட்கார்ந்து காட்டினேன். பார்த்துவிட்டு, முடிந்தவரை இதைக் கெடுக்காமல் நிற்க வைக்கிறேன் என்றார். அதற்குப் பிறகு வேறு யாரிடமும் போகவில்லை.

அவர் காகிதத்தில் வரைந்து காட்டியது இது. தொடை எலும்பை மேல்பக்கம் வெட்டி, வெட்டின இடத்துக்குக் கீழே உள்ள பகுதியை வெளிப்பக்கமாகச் சாய்த்து வைப்பார்கள். அப்போது எலும்பின் மேல் துண்டு உள்பக்கம் சாய்ந்து இடுப்பெலும்பின் பக்கவாட்டில் போய் அணைந்துகொள்ளும். நிற்கும்போது இடுப்பு மறுபக்கம் சரியப் பார்த்தால் இந்த எலும்பில் முட்டி நின்றுவிடும். எனக்கு உடனே புரிந்தது. கரையில் இழுத்துப் போட்ட வத்தை சாயாமல் இருக்கப் பக்கவாட்டில் கட்டை வைத்து முட்டுக் கொடுப்போமே, அதுதான். கிண்ணம் காலியாகவே இருக்கும், புதிய மூட்டு எதுவும் வராது, தாங்கல் மட்டும் வரும். தசை ஒட்டியிருக்கும் முனையும் வெளியே தள்ளப்படுவதால் அதன் இழுப்புக்குப் பலம் கூடும். எவ்வளவு கோணம் சாய்க்க வேண்டும் என்பதற்கு என் காலை மறுகாலுக்குக் குறுக்கே முடிந்தவரை கொண்டுபோய் எக்ஸ்ரே எடுத்து அளந்தார்கள். அந்த அளவோடு மேற்கொண்டு சில டிகிரி.

இந்த மேல் வெட்டு பழைய வித்தை. ஜெர்மனியில் ஆல்ஃபிரட் ஷான்ஸ் 1920களிலேயே செய்தார். அதோடு விட்டால் முழங்கால் கோணிப்போகும், குட்டைக் காலும் அப்படியே இருக்கும். சைபீரியாவின் குர்கன் நகரில் இருந்த காவ்ரீல் இலிசரோவ் கீழே இரண்டாவதாக ஒரு வெட்டைச் சேர்த்தார். அந்த இடத்தில் கோணலை நேராக்கி, எலும்பையும் மெதுவாக இழுத்து நீட்டலாம். உயரம் தாண்டுதலில் 1964 ஒலிம்பிக் தங்கம் வாங்கிய வலேரி புருமெல் மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் நொறுங்கி, பல ஆபரேஷன் தோற்ற பிறகு கடைசியில் இவரிடம்தான் போனார். 1981 வாக்கில்தான் இத்தாலி வழியாக இந்த முறை மேற்கு நாடுகளுக்கே தெரியவந்தது. என் தொடையில் மேல்பக்கம் இறக்கிய தடித்த திருகாணிகளுக்கு ஷான்ஸ் பின் என்றே பெயர்.

பதினேழு வயது வரை காத்திருந்ததற்கும் காரணம் உண்டு. சின்ன வயதில் எலும்பைச் சாய்த்து வைத்தால் வளரும்போது அது தானாக நிமிர்ந்துகொள்ளும்; முட்டு போய்விடும். வளர்ச்சி முடியும் தறுவாயில் செய்தால் நிற்கும்.

நாள் குறித்தது அப்பா. ஏப்ரல் 15இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். அப்போதெல்லாம் 45 நாள். 2017லிருந்துதான் 61 நாளாக்கினார்கள். படகு கரையில் நிற்கும், அப்பா வீட்டில் இருப்பார். மற்ற காலத்தில் வாரம் மூன்று நாள் விசைப்படகுக்கு, மீதி நாள் நாட்டுப்படகுக்கு என்பது பாக் நீரிணைப் பக்கத்து ஏற்பாடு. அந்த மூன்று இரவும் அவர் இருக்க மாட்டார். வருமானம் இல்லாத மாதத்தில் ஆபரேஷன் வைப்பதா என்று சித்தப்பா சண்டைக்கு வந்தார். வட்டிக்கு வாங்குவதைத் தடைக்காலத்தில் வாங்கினால் என்ன, தொழில் நடக்கும்போது வாங்கினால் என்ன என்று அப்பா சொல்லிவிட்டார். அரசு மருத்துவமனை என்பதால் ஆபரேஷனுக்குச் செலவில்லை. வளையமும் கம்பிகளும் நாங்கள் வாங்கித் தர வேண்டியிருந்தது. அம்மாவின் தோடு போனது.

மேல் வெட்டை மேசையிலேயே சரிசெய்து நிறுத்திவிட்டார்கள். கீழ் வெட்டை ஒரு வாரம் அப்படியே விட்டு, பிறகு திருக ஆரம்பிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர், அதுவும் ஒரேயடியாக இல்லை. காலை, மதியம், மாலை, இரவு என்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் நட்டைக் கால் சுற்று. மரை ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் ஓடுவதால் கால் சுற்று என்றால் கால் மில்லிமீட்டர். வெட்டிய இடத்தில் இரண்டு எலும்பும் விலக விலக நடுவில் புது எலும்பு ஊறும். வேகமாகத் திருகினால் எலும்பு ஊறாது, நரம்பு இழுபடும். மெதுவாகத் திருகினால் சீக்கிரமே ஒட்டிக்கொண்டு பிறகு நகராது.

டாக்டர் ஸ்பேனரை எடுத்துக் காட்டியதும் அப்பா கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். "இது பத்தாம் நம்பருல்ல" என்றார். எஞ்சின் பெட்டியில் அவரிடம் அந்த அளவில் இரண்டு இருந்தன. டாக்டர் வேகத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்க, அப்பா நட்டு எந்தப் பக்கம் இறுகும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் ஸ்பேனரைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்து, என் தலைமாட்டில் ஆணியில் மாட்டினார். ஒவ்வொரு நட்டிலும் நகப்பாலீஷால் ஒரு புள்ளி. சிவப்புப் புள்ளி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தால் எத்தனை முறை திருகியாயிற்று என்று தெரிந்துவிடும். தப்பாமல் திருகினார். தடை முடிந்து கடலுக்குப் போனபோது வேலையைத் தம்பியிடம் ஒப்படைத்தார். அப்பா கையைவிட அவன் கைதான் நடுங்கியது.

வலியைப் பற்றி எழுதுவதில் பெரிய பயன் இல்லை, வலித்தது. ஆனால் சில விஷயங்களை எந்த டாக்டரும் சொல்வதில்லை. தொடையில் வளையம் இருந்தால் பாவாடை, சுடிதார் எதுவும் நுழையாது. அம்மாவின் நைட்டியைப் பக்கவாட்டில் வெட்டி நாடா வைத்துத் தைத்தோம். குத்துக்காலிட முடியாது, பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாங்கி நடுவில் ஓட்டை போட்டார்கள். எங்கள் வீட்டுக்கு முதல் நாற்காலி வந்தது அப்படித்தான். கம்பி தோலுக்குள் நுழையும் இடங்களைத் தினமும் கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் துடைக்க வேண்டும். அதிலும் நீர் வடிந்து, சிவந்து, மாத்திரை சாப்பிட்டு ஆறி, மறுபடி வடியும். கருவாடு காயும் தெருவில் ஈக்குப் பஞ்சமா? கொசுவலைக்குள்ளேயே கிடந்தேன். பக்கத்து வீட்டு அத்தை தன் கருவாட்டுப் பாயைத் தெருக்கோடிக்கு மாற்றிக்கொண்டாள். யாரும் கேட்கவில்லை.

முழங்கால்தான் பெரிய எதிரி. எலும்பு நீளும்போது தொடைத் தசை நீள மறுத்து முழங்காலை இறுக்கிவிடும். தினமும் மடக்கிப் பயிற்சி செய்யாவிட்டால், இடுப்பைக் காப்பாற்றி முழங்காலை இழந்த கதையாகும். என் சம்மணத்துக்கு ஆபத்து இடுப்பில் இல்லை, இங்கேதான் இருந்தது. அம்மா பாசிக்குப் போய்வந்த கையோடு உட்கார்ந்து மடக்குவாள். நான் கத்துவேன். "கத்துத்தா, கத்திக்கிட்டே மடக்கு" என்பாள்.

திருகுவது முடிந்தாலும் வளையத்தைக் கழற்றுவதில்லை. ஊறிய எலும்பு கெட்டியாக அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் காலம் பிடிக்கும். வாடைக்காற்று தொடங்கிய பிறகுதான் கழற்றினார்கள். முழங்கால் பழையபடி மடங்க அடுத்த வருடமாயிற்று.

கிடைத்தது என்ன? சாய்வு போகவில்லை, குறைந்தது. முன்பு தெருக்கோடியில் வரும்போதே நான் என்று தெரியும், இப்போது பக்கத்தில் வந்தால்தான் தெரியும். குதிகால் தரையில் படுகிறது. மீதமிருக்கும் சிறு வித்தியாசத்தைச் செருப்புக்கு அடியில் ஒரு அட்டை ஒட்டிச் சமாளிக்கிறேன். காலைக் குறுக்கே கொண்டுபோக முடியாது; அதைத் தடுப்பதுதானே முட்டின் வேலை. சம்மணம் போட முடிகிறது. கால் விரிவதிலும் மடங்குவதிலும் முட்டு குறுக்கே வருவதில்லை. குத்துக்காலிட்டு மீனும் ஆய்வேன், கொஞ்ச நேரம். ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். அங்கே நாற்காலி இருக்கிறது.

பெண் பார்க்க வந்த வீடுகளில் வேறு ஒரு கேள்வி வந்தது. இடுப்பில் ஆபரேஷன் என்றால் பிள்ளை பெறுவாளா? வெட்டியது தொடை எலும்பை. இடுப்பெலும்பின் வளையத்தில் யாரும் கை வைக்கவில்லை. இதை டாக்டரே எழுதிக் கொடுத்தும் இரண்டு வீடு போய்விட்டது. மூன்றாவதாக வந்தவர் கேட்கவில்லை. மகளுக்கு இப்போது ஆறு வயது.

அவள் பிறந்தபோது குளிப்பாட்ட அம்மாவை விட்டேன், உருட்ட விடவில்லை. ஒவ்வொரு நாளும் இரண்டு காலையும் உதைக்கிறாளா என்று பக்கத்தில் நின்று பார்த்தேன். அம்மாவுக்குக் கோபம்தான்.

இந்த நோய் பழைய காலத்துச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். குறைமாதக் குழந்தைகள் இப்போது நிறையப் பிழைக்கிறார்கள். பிழைக்க வைக்கும் ஊசிக்குழாய்கள் வழியாகவே சில நேரம் கிருமியும் நுழைகிறது. ராமநாதபுரத்தில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. எங்கள் கரையிலிருந்து பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மதுரை வரை ஓட வேண்டிய முதல் கட்டாயம் குறைந்திருக்கிறது. குழந்தை ஒரு காலை அசைக்கவில்லை என்றால் 108ஐக் கூப்பிடுங்கள். "உரம் விழுந்திருக்கும்" என்று யாராவது சொன்னால் இருக்கட்டும், ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு உருட்டலாம். "கட்டி" என்று டாக்டர் சொன்னால், மூட்டுக்குள் சீழ் இல்லையென்று ஸ்கேனில் பார்த்தீர்களா என்று கேளுங்கள். அவர் முறைத்தால் முறைக்கட்டும்.

என் இடுப்பில் இப்போது அவ்வப்போது வலி வருகிறது, நெடுநேரம் நின்றால். போன முறை பார்த்த டாக்டர் இளைஞர். செயற்கை மூட்டு வைத்துவிடலாம் என்றார். சாய்த்து வைத்த எலும்பை மறுபடி வெட்டி நேராக்கித்தான் உள்ளே வைக்க முடியும், கடினம், ஆனால் செய்யலாம் என்றார். பிறகு தரையில் உட்காரலாமா என்று கேட்டேன். சம்மணம், குத்துக்கால் இரண்டையும் தவிர்ப்பது நல்லது, மூட்டு நழுவ வாய்ப்பு உண்டு என்றார். வயதும் யோசிக்கச் சொல்கிறது. செயற்கை மூட்டுக்கும் தேய்மானம் உண்டு, இப்போது வைத்தால் பிறகு ஒருமுறை மாற்ற வேண்டிவரும். இன்னும் சில வருடம் பார்க்கிறேன் என்றேன். வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார், எடையைக் குறைக்கச் சொன்னார், வருடத்துக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்து வரச் சொன்னார். எக்ஸ்ரே எடுக்கிறேன். எடை விஷயத்தில் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.